தும்பு

என் வேலை மின்தூக்கிக் கம்பிவடம் பார்ப்பது.
இயந்திர அறையில் மண்டியிட்டு
பஞ்சுத்துணியால் வடத்தைப் பொத்திப் பிடித்துக்கொள்வேன்.
மெல்ல இறக்கு என்பேன் வாக்கிடாக்கியில், வெய் ஜியிடம்.
துணி எங்கே சிக்குகிறதோ
அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது.
கண்ணுக்குத் தெரியாது. துணிக்குத் தெரியும்.

இதைப் பேச்சுவாக்கில் சொன்னதற்குத்தான்
நாச்சம்மை என்னை யாழ்க் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டாள்.

கூட்டம் என்றால் மூன்று பேர்.
அவள் பகலில் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பு மதிப்பிடுகிறாள்,
இரவில் பழைய உரைகளைக் கிளறுகிறாள்.
மஸ்தூரா கம்பூஸ் வாத்தியம் செய்பவர்.
சுங்கை காடுட்டில் மரக்கடைக்கு மேலே அவர் பட்டறை,
ஒரு மின்விசிறி, ஒரு கால் ஆடும் மேசை.

கையில் என்ன இருந்தது என்றால்
சொற்கள் இருந்தன.
பத்தர், அதன்மேல் போர்த்த தோல்,
வளைந்த கோடு, திவவு, நரம்பு.
நரம்பு எத்தனை என்பதில் உரைக்கு உரை சண்டை.
குரல் என்று எதைச் சொன்னார்கள்,
எந்த உயரத்தில் நின்றது அது,
ஒருவரும் எழுதிவைக்கவில்லை.
தினமும் கேட்பதை யார் எழுதிவைப்பார்கள்?

ஆட்டுக்குடல் தேக்காவில் வாங்கினோம்.
"சூப்புக்கா?" என்றார் கடைக்காரர்.
"நரம்புக்கு" என்றேன்.
"யாருக்கு நரம்புத் தளர்ச்சி?" என்று கேட்டுவிட்டு
கால் கிலோ கூடப் போட்டார்.

கழுவி, சுரண்டி, முறுக்கி
என் வீட்டுச் சன்னலுக்கு வெளியே
துணி காயும் மூங்கிலில் தொங்கவிட்டேன், பதினான்கு இழை.
ஆறாம் நாள் நகர மன்றத்திலிருந்து கடிதம்:
தங்கள் இல்லத்திலிருந்து விரும்பத்தகாத வாடை.
சட்டம்போட்டு மாட்டு என்றாள் நாச்சம்மை,
நம் யாழைப் பற்றி வந்த முதல் விமர்சனம்.

டிசம்பர் மழை. ஈரத்தில் தோல் தொய்ந்தது.
குளிரூட்டியைப் போட்டோம், நரம்பு உலர்ந்து
நள்ளிரவில் பட்டென்று அறுந்தது.
இந்த ஊர்க் காற்றுக்கு ஒத்துவராது என்றேன்.
அவர்களுக்கும் மழை பெய்திருக்கும்தானே, என்றார் மஸ்தூரா,
பசை கிண்டிக்கொண்டே.

சுருதி மிஞ்சவில்லை. பிழைகள் மிஞ்சியிருந்தன.
நரம்பில் இருக்கக்கூடாதவை நான்கு என்று
பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருந்தார்கள்:
மயிர். முறுக்கு. தும்பு. கொடும்புரி.
நாச்சம்மை படித்துக் காட்டியபோது சிரித்துவிட்டேன்.
என் பைக்குள் இருந்த சோதனைத் தாளிலும்
கிட்டத்தட்ட இதே கட்டங்கள்.

முதல் நரம்பு மாட்டியது ஒரு ஞாயிறு.
லாரிகள் ஓய்ந்த மதியம். மீட்டினேன்.
டப்பாவுக்குள் மாட்டிய தேனீபோல்
ஓர் இரைச்சல்.
மஸ்தூரா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
பஞ்சுத்துணியை எடுத்து
நரம்பைப் பொத்தி, மெல்ல, மெல்ல இழுத்தேன்.
திவவுக்கு நாலு விரல் கீழே சிக்கியது.
பிரிந்து நின்றது ஓர் இழை, தூசிபோல.

தும்பு, என்றாள் நாச்சம்மை.
அறையில் இல்லாத யாருக்கோ சொல்வதுபோல்
இன்னொரு முறை: தும்பு.

அதை உடனே வெட்ட எனக்குக் கை வரவில்லை.
இனி நாங்கள் எழுப்பப்போகும் எந்தச் சுரத்தையும்
இதுதான் அது என்று சத்தியம் செய்ய முடியாது.
இளி என்று எதையோ வைப்போம்.
அது சுங்கை காடுட்டின் இளி, எங்கள் ஊகத்தின் இளி.
ஆனால் இந்த இரைச்சல்,
இதை ஒருவன் கேட்டிருக்கிறான்.
ச்சே என்று விரலை எடுத்திருக்கிறான்.
எரிச்சலில் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறான்.
அவன் முகச்சுளிப்பு
மஸ்தூராவின் புருவத்தில் இன்னும் கலையவில்லை.

இன்னொரு தடவை மீட்டு, என்றாள்.
மீட்டினேன்.
மூவரும் கேட்டோம், அந்தத் தப்பை,
அது அடங்கும்வரை.
கீழே யாரோ ஷட்டரை இறக்கினார்கள்.

பிறகு மஸ்தூரா திவவை நெகிழ்த்தினார்.
"வேற நரம்பு எடு" என்றார்.